வட்டச் சாளரத்தில் ஓர் அரிசி மணி

12 ஜனவரி 2009, திங்கள்

இடது காதில் மறுபடியும் சீழ். காது கருவியின் அச்சைச் செருகினால் இரண்டு நாளில் ஊறி வழிகிறது. எடுத்து வைத்தால் பள்ளத்தாக்கு முழுவதையும் பஞ்சில் பொதிந்துவிட்டதுபோல் இருக்கிறது. போட்டாலும் வம்பு, போடாவிட்டாலும் வம்பு.

இன்று மேல் பண்ணை வீட்டுக்குப் போனேன். போன வாரம் நான் பார்த்த பிரசவம். தாயின் தையலைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அவள் என் தோளைத் தாண்டி எதையோ பார்த்தாள். திரும்பினால் தொட்டிலில் குழந்தை முகம் சிவக்க, வாய் கிழிய அழுதுகொண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாக அழுததோ. அவளே கையை நீட்டித் தொட்டிலை ஆட்டினாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

குழந்தை அழுவது கேட்காத மருத்துவச்சி! வலது காது பள்ளிக்கூட நாளிலேயே செத்துவிட்டது. இந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு ஸ்டுபாய் பள்ளத்தாக்கில் பாதிப் பேரை வெளியே எடுத்திருக்கிறேன். இனி எத்தனை நாளைக்கு?

25 ஜனவரி, ஞாயிறு

ஃப்ரோனி வந்தாள். என் கணவன் அல்ஃபோன்ஸின் தங்கை. பனிக் காலணியைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் வந்து என் முகத்துக்கு எதிரே நின்று, நான் உதட்டைப் படிக்க வசதியாக மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, நாலு மாசம்."

முப்பத்தொன்பது வயதில், எல்லோரும் கேட்பதையே விட்டுவிட்ட பிறகு. நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அழுதேன். அவளும் அழுதாள். பிறகு சொன்னாள்: "நீங்கதான் பாக்கணும். வேற யாரையும் என்மேல கை வைக்க விடமாட்டேன்."

"எனக்குக் காது போயிட்டு இருக்குடி."

"உங்க காதா பிரசவம் பாக்குது?"

"பாதி வேலை அதுதான் பாக்குது."

ஜூலைத் தொடக்கத்தில் நாள் கணக்கு. அதற்குள் இந்தக் காதுக்கு ஒரு வழி பிறக்காவிட்டால் என் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அவளை வேறொருத்தி பார்ப்பாள். இதை அவளிடமே சொல்லிவிட்டேன். பிறந்துதான் ஆகணும் வழி, என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

5 பிப்ரவரி

இன்ஸ்ப்ருக் ஆஸ்பத்திரியில் காது நிபுணர் டாக்டர் ப்ளாட்னரைப் பார்த்தேன். குட்டையான பெண்மணி, ஆண்கள் போடுவதுபோல் கைக்கடிகாரம், சிரிப்பு குறைவு. மைக்ராஸ்கோப்பில் என் காதை வெகுநேரம் பார்த்தார். பிறகு நேருக்கு நேர் உட்கார்ந்து, கத்தாமல், தெளிவாக வாயசைத்துப் பேசினார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சத்தத்தை உள்ளே கடத்தும் மூன்று குட்டி எலும்புகளில் சுத்தி எலும்பு இல்லை. பட்டடை எலும்பு இல்லை. அங்கவடி எலும்பில் பாதம் மட்டும் மிச்சம், அதுவும் தழும்புக்குள் புதைந்து கிடக்கிறது. சின்ன வயதுச் சீழ் எல்லாவற்றையும் அரித்துவிட்டது. மண்டை எலும்பை அதிரவைக்கும் கருவியைப் பட்டையோடு தலையில் கட்டிப் பார்த்தார்கள். உள்காதும் கொஞ்சம் தளர்ந்திருப்பதால் அந்த அதிர்வு எனக்குப் போதவில்லை.

"ஒரு வழி இருக்கு. ஆனா இது உங்களோட ஒரே காது. கை தவறினா மிச்சம் இருக்கறதும் போயிடும். சும்மா விட்டாலும் இந்தச் சீழ் ஒருநாள் அதைத் தின்னுடும். ரெண்டையும் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போய் யோசிங்க."

"உங்க அம்மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"எங்க அம்மாவுக்கு நான் பண்ண மாட்டேன். கை நடுங்கும். உங்களுக்கு நடுங்காது."

இப்படி ஒரு பதிலை நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை.

10 பிப்ரவரி

செவெரின் என்று ஒரு பொறியாளர். இந்தக் கருவிகளைச் செய்யும் இடத்தில் வேலை. டாக்டர் என்னை அவனிடம் அனுப்பிவைத்தார். ஒல்லிப் பையன், மகன் வயது. தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியும் காட்டினான்.

மேஜைமேல் ஒரு சொட்டு வெள்ளிபோல் எதையோ வைத்தான். அரிசி மணி அளவு. அதற்குள் ஒரு காந்தம், சுற்றிலும் கம்பிச்சுருள். தலைமுடி போன்ற ஒரு கம்பி வெளியே ஓடுகிறது.

"இவ்வளவு சின்ன ஒலிபெருக்கியா?" என்றேன்.

"ஒலியே கிடையாதும்மா. நீங்க இத்தனை நாள் போட்ட கருவி சத்தத்தைப் பெருசாக்கிக் காத்துல தள்ளுச்சு. இது சத்தம் போடாது, ஆடும். அவ்வளவுதான் இதுக்குத் தெரியும். எதுமேல ஒட்டுறோமோ அதையும் ஆட்டும்."

எங்கே ஒட்டுவது என்பதில்தான் அத்தனை வித்தையும் இருக்கிறதாம். பட்டடை எலும்பு இருந்தால் அதில் ஒரு கவ்வி போட்டு மாட்டுவார்கள். அது போயிருந்தால் அங்கவடியின் தலையில். எனக்கு இரண்டுமே கிடையாது.

"அப்போ?"

"பின்வாசல்."

உள்காதில் இரண்டு திறப்புகள். அங்கவடி தட்டுவது முன்பக்கத்தில். பின்பக்கம் வட்டச் சாளரம் என்று ஒன்று, மெல்லிய சவ்வு போட்டு மூடியது. முன்னால் தள்ளினால் உள்ளேயிருக்கும் நீர் நகர்ந்து பின்சவ்வு புடைக்கும். அப்படியானால் பின்னாலிருந்து தள்ளினால்? முன்பக்கம் புடைக்கும், அவ்வளவே. நீருக்கு எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றுதான், நரம்புக்கும் அதே சேதிதான் போகும். அந்தச் சவ்வின்மேல் இந்த அரிசி மணியை உட்காரவைக்க வேண்டும்.

யாருக்கு முதலில் தோன்றியதோ இது! வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மனிதக் காதை இப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்கும் துணிச்சல் எப்படி வந்தது?

"அழுத்திப் பொருத்திட்டா நல்லாக் கேக்குமா?" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. அழுத்தினா சவ்வு விறைச்சுடும், ஆடாது. தளர்த்தினா தொடவே தொடாது. உங்க தசைமேல இருக்கற மெல்லிசு உறையை ஒரு துண்டு எடுத்து நடுவுல வெச்சு… தொடணும், ஆனா தள்ளக் கூடாது."

தொடணும், தள்ளக் கூடாது. குழந்தையின் தலை வெளியே வரும்போது என் உள்ளங்கை செய்வதும் அதுவேதான். அவனிடம் சொன்னேன். காது சிவந்துபோய்விட்டது பாவம்.

24 பிப்ரவரி, நோன்புக்கு முந்தின செவ்வாய்

அல்ஃபோன்ஸ் சக பஸ் டிரைவர்களோடு திருவிழாக் கரடி வேஷம் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்தான். ஜாம் பன் நாலு தின்றேன். அறுவைக்குச் சரி என்று டாக்டருக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

16 மார்ச்

நாளை அறுவை. ஆஸ்பத்திரி ஜன்னலில் நோர்ட்கெட்டே மலை, இன்னும் பனியோடு. அல்ஃபோன்ஸ் போகும்போது என் இடது காதில் வாயை வைத்து ஏதோ சொன்னான். பாதிதான் கேட்டது. திருப்பிச் சொல் என்று கேட்கவில்லை. அந்தப் பாதியே போதுமாயிருந்தது.

பயமா இருக்கு. எழுதி என்ன ஆகப் போகுது.

18 மார்ச்

உயிரோடு இருக்கிறேன். படுக்கை கப்பல்போல் ஆடுகிறது. ஒன்றும் கேட்கவில்லை, இப்போது நிஜமாகவே ஒன்றும்.

21 மார்ச்

டாக்டர் ப்ளாட்னர் மடிக்கணினியோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். தட்டத் தட்ட நான் படித்தேன்.

காதுக்குள் இருந்த அழுகல் முழுவதையும் வழித்து எடுத்து, குழியை என் வயிற்றுக் கொழுப்பால் அடைத்து, காதுத் துளையைத் தைத்து மூடியிருக்கிறார்கள். இனி சீழுக்கு வேலையில்லை. என் தொப்பைக்கு ஒரு உபயோகம் கிடைத்ததே என்று அல்ஃபோன்ஸ் எழுதிக் காட்டினான். ஒலியை வாங்குவது காதுக்குப் பின்னால் தோலின்மேல் ஒட்டும் ஒரு பொத்தான். தோலுக்கு அடியில் இருக்கும் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளுமாம். புண் ஆறி அதைப் போட மே மாதம் ஆகும்.

பிறகு அவர் தட்டியதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது என்பதற்காக.

"உங்க வட்டச் சாளரம் எலும்பு விளிம்புக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்துச்சு. அதுக்கு மேல ஒரு பொய்ச் சவ்வு. பாத்தா அதுதான் சாளரம்னு தோணும். முன்னாடியெல்லாம் அதுமேலேயே வெச்சு மூடிட்டு வந்து, நாங்க எல்லாரும் ஏமாந்திருக்கோம். இந்தத் தடவை உரிச்சுப் பாத்தேன். கீழ நிஜமானது இருந்துச்சு. மணியை வெச்சேன். அழகா, நேரா, நடுமையத்துல உக்காந்துச்சு. அதை ஆட்டிவிட்டு நரம்பு பதில் சொல்லுதான்னு கருவியில பாத்தோம். பதிலே இல்ல. எடுத்தேன். வெச்சேன். மறுபடி எடுத்தேன். எல்லாருக்கும் பசி. கடைசியில ஒரு பக்கமா சாய்ஞ்சு, கோணலா நின்னப்போ நரம்பு 'இதோ இருக்கேன்'னுச்சு. கண்ணுக்கு அசிங்கமா இருக்கு. படம் எடுத்து மாணவர்களுக்குக் காட்ட முடியாது. நேராக்கலாமான்னு கை துறுதுறுன்னுச்சு. கோணலாவே விட்டுட்டு மூடிட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கைவேலை தெரிந்தவளுக்கு, சரியில்லாததுபோல் தெரிவதைத் தொடாமல் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அத்தனை வருஷம் படித்த கண்ணை ஒதுக்கிவிட்டு என் நரம்பு சொன்னதை நம்பியிருக்கிறார். எழுந்து நின்று தொப்பியைக் கழற்ற வேண்டும்போல் இருந்தது. தலையில் கட்டுதான் இருந்தது.

12 ஏப்ரல், ஈஸ்டர்

அல்ஃபோன்ஸ் சீட்டாட்டத்தில் புள்ளி எழுதும் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறான். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சாக்பீஸில் எழுதுகிறான். "சூப்பில் உப்பு." "உன் அக்கா போன்." "அழகா இருக்கே." மூன்றையும் ஒரே பலகையில், ஒன்றின் கீழ் ஒன்றாக.

ஃப்ரோனி என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே நல்ல உதை. இந்த மௌனத்தில் எனக்கு வந்து சேரும் செய்தி இது ஒன்றுதான்.

12 மே

பொத்தானை மாட்டினார்கள்.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு தகர டப்பாவுக்குள் யாரோ கரகரவென்று தேய்ப்பதுபோல். செவெரின் கணினியில் என்னென்னவோ நகர்த்தினான். டப்பா கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அவன் உதடு அசைந்தது, கூடவே குரலும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்! "அம்மா, இப்ப எப்படி இருக்கு?" அவன் குரல் இத்தனை மென்மையாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

அல்ஃபோன்ஸ் கதவருகிலிருந்து, இருபது வருஷப் பழக்கத்தில், அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "லிண்டி! கேக்குதாஆ?"

"கத்தாதே! இங்க யாரும் செவிடு இல்ல."

டாக்டர் ப்ளாட்னர் சிரித்துவிட்டார். எனக்கு அவர் சிரிப்பும் கேட்டது. குதிரை கனைப்பதுபோல் இருந்தது. சொல்லவில்லை.

17 மே

வரிசையாக எழுத ஆசை, முடியவில்லை, அத்தனை. காகிதம் சத்தம் போடுகிறது. என் செருப்பு கீச்சிடுகிறது, அல்ஃபோன்ஸுக்கு இது எப்போதிலிருந்தோ தெரியுமாம். மழை ஓட்டுக்கூரையில் தனித்தனியாக விழுகிறது. சொற்களின் நடுவே "ஸ்" என்று ஒன்று இருக்கிறது, அதையே மறந்துபோயிருந்தேன்.

கோணலாக உட்கார்ந்திருக்கும் ஒரு அரிசி மணி இதையெல்லாம் செய்கிறது. சத்தமே போடாமல், ஆடி மட்டும். கண்ணாடி முன்னால் நின்று தைத்து மூடிய காதைத் தடவிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

22 மே

இன்று ஃப்ரோனியைச் சோதிக்கப் போனேன். குழந்தையின் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை எடுத்து, அகன்ற வாயை அவள் வயிற்றில் ஊன்றி, குனிந்து மறுமுனையைக் காதில் அழுத்தினேன். ஒன்றுமில்லை. இடம் மாற்றினேன். ஒன்றுமில்லை. குழந்தைக்கு என்ன ஆச்சு?

ஃப்ரோனிதான் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, அந்தக் காதைத் தெச்சுட்டாங்கல்ல?"

ஓட்டையே இல்லாத காதில் குழலை வைத்துக்கொண்டு குழந்தையின் இதயத்தைத் தேடியிருக்கிறேன்! இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் வயிறு குலுங்கியது. பிறகு குழலைப் பொத்தானில் வைத்துப் பார்த்தேன். மரம் உரசும் சத்தம், அவள் சட்டை உரசும் சத்தம்.

இதயம் கேட்கவில்லை.

பக்கத்து ஊர் மருத்துவச்சியை வரவழைத்துக் கேட்கச் சொன்னேன். "அருமையா ஓடுது" என்றாள். எனக்குத்தான் கேட்கவில்லை.

26 மே

செவெரினிடம் போனேன். அவன் சுற்றி வளைக்கவில்லை.

"இந்த மணி ரொம்பச் சின்னதும்மா. கீச்சு சத்தத்துக்கு, பேச்சுக்கு, குசுகுசுப்புக்கு இது ராஜா. கனமா, கீழ்சுருதியில வர்ற சத்தத்துக்கு இதால அவ்வளவா ஆட்ட முடியாது. குழல்ல கேக்கற இதயத் துடிப்பு ரொம்பக் கீழ்சுருதி."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க மருத்துவச்சின்னு தெரியும். குழல்ல கேப்பீங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. இப்ப எல்லாரும் டாப்ளர் கருவிதானே வெச்சிருக்காங்க?"

"எல்லாரும் வெச்சிருக்காங்க. எனக்கும்தான் ஒண்ணு குடுத்தாங்க, கார் பின்னால பெட்டியைக்கூடப் பிரிக்காமக் கிடக்கு. வயித்துல ஒரு கட்டையைத் தேச்சு, பெட்டிக்குள்ள கேக்கற சத்தத்தை வெச்சுப் பிரசவம் பாக்கறது ஒரு வேலையா? அது மெஷினோட காது. எனக்கு வேணும்கறது என் காது" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

வீட்டுக்கு வந்து ஃப்ரோனியைப் பக்கத்து ஊர் மருத்துவச்சிக்கு மாற்றிவிட்டேன். அல்ஃபோன்ஸ், "கேக்காததுக்காக, கேக்கறதையும் தூக்கிப் போடறியே" என்றான். கத்தாமல்தான் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டேன்.

3 ஜூன்

வைக்கோல் அறுப்பு. உரிமத்தைத் திருப்பித் தர இன்னும் போகவில்லை. போக வேண்டும்.

11 ஜூன், திருவுடல் பெருவிழா

நடுராத்திரி ஆயிடுச்சு. இருந்தாலும் எழுதணும்.

காலையில் ஊர்வலம். பித்தளை வாத்தியங்கள், பூத்தூவும் சிறுமிகள், துப்பாக்கிப் படையினர் வானத்தை நோக்கி மரியாதை வேட்டு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பொத்தான் தெறித்துவிடுமோ என்று. ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஃப்ரோனி வீட்டில் காபி. அல்ஃபோன்ஸ் முற்றத்தில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஆப்பிளைச் சுருட்டிச் சுட்ட ஸ்ட்ரூடலை வெட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால், மேஜையின் அந்தக் கோடியில், ஃப்ரோனி தன் கணவன் வெண்டெலினிடம் பேசினாள். பேச்சுகூட இல்லை. மூச்சு.

"நேத்துலேர்ந்து அசையவே இல்லடா."

"அண்ணிகிட்ட சொல்லேன்."

"வேணாம். அவங்களே நொந்துபோய் இருக்காங்க. செவ்வாய்க்கிழமை அந்தம்மா வருவாங்கல்ல, அப்பச் சொல்லிக்கலாம்."

கத்தியை வைத்தேன்.

"ஃப்ரோனி. படு."

இரண்டு பேரும் பேயைப் பார்த்ததுபோல் பார்த்தார்கள். "அண்ணி, உங்களுக்கு எப்படி…"

"படுன்னு சொன்னேன்."

காருக்கு ஓடினேன். பின்னாலிருந்த பெட்டியைப் பல்லால் கிழித்துப் பிரித்தேன். அந்தக் கட்டையை அவள் வயிற்றில் வைத்தேன், தேடினேன். உஷ், உஷ் என்று வந்தது. எனக்குக் கேட்டது! தெளிவாக, தண்ணீர்போல். கேட்ட மறுகணமே துடிப்பை எண்ணினேன். ஓட வேண்டியது நடக்கிறது. நடப்பதும் நின்று நின்று.

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! போனைப் பழக்கதோஷத்தில் தைத்த காதில் வைத்து, திட்டிக்கொண்டே பின்னால் பொத்தானுக்கு நகர்த்தினேன். மறுமுனையில் ஒரு பெண் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அறுவை அறையைத் தயாராக வைக்கிறோம் என்றாள். ஊர்வலக் கூட்டத்தை ஹாரன் அடித்தே பிளந்துகொண்டு போனான் அல்ஃபோன்ஸ். ஃப்ரோனியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவள் வயிற்றிலிருந்து கருவியை எடுக்காமல் கேட்டுக்கொண்டே போனேன். என்னை விட்டுடாதே, என்னை விட்டுடாதே என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அல்ஃபோன்ஸ் பிறகு சொன்னான்.

வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. பெண். சின்னது, நீலம், பிறகு இளஞ்சிவப்பு. செவ்வாய் வரை தாங்கியிருக்காது என்று அந்த டாக்டர் வெண்டெலினிடம் சொன்னார், நாலு எட்டு தள்ளி நின்று, குரலைத் தாழ்த்தி.

அதுவும் கேட்டது.

16 ஜூன்

டாக்டர் ப்ளாட்னரையும் செவெரினையும் பார்த்து நடந்ததைச் சொன்னேன். செவெரின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணினியைப் பார்த்தான். டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "நேரா வெச்சிருந்தா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவர் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

உன் மெஷின் காதைப் பற்றி அன்று பேசியதற்கு மன்னிச்சிடு தம்பி என்றேன். "எந்த மெஷின்மா?" என்றான், நிஜமாகவே மறந்துபோய்.

5 ஜூலை, ஞாயிறு

மேல் பண்ணைக்குக் கீழ்வீட்டில் ஒருத்திக்கு ஏழாம் மாதம். டாப்ளரோடு போய்வந்தேன். அவள் மூச்சு வாங்குவது வாசற்படியிலேயே கேட்டது. இரும்புச் சத்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஃப்ரோனி குழந்தையோடு சாப்பிட வந்திருந்தாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் அவளும் வெண்டெலினும் ஏதோ ரகசியம் பேச எழுந்து வெளியே போனார்கள். இப்போதெல்லாம் இந்தக் குடும்பத்தில் ரகசியம் என்றால் தோட்டத்துக் கடைசி வரை நடக்கிறார்கள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. "ஞானத்தாயா அண்ணிதான்… பேரும் அவங்க பேரையே… இப்பச் சொல்லாத, ஞானஸ்நானத்தன்னிக்கு அசத்திடலாம்."

சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அவர்கள் உள்ளே வந்ததும், "என்ன, தோட்டத்துல வெயிலா?" என்று மட்டும் கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டதுபோல் தலையாட்டியே காலம் தள்ளியவள் நான். இன்றுதான் முதல்முறையாக, கேட்டுவிட்டுக் கேட்காததுபோல் இருந்தேன்.